ரகசியத் தள்ளுபடியும் அரசியல் செல்வாக்கும்: ராக்பெல்லர் தரும் பாடம்

வணிகத்தில் ஒருவர் உழைத்து உயர்ந்தால் நாம் மகிழ்கிறோம். ஆனால் அவருடைய பணம் ஆட்சியாளர்களையும் வளைக்கத் தொடங்கினால், முதலில் அடிபடுவது சிறு வியாபாரிதான். இதை அமெரிக்க மண்ணெண்ணெய் வியாபாரத்தின் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

ஜான் டி. ராக்பெல்லர் 1870-இல் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைத் தொடங்கினார். அவர் திறமைசாலி, சிக்கனக்காரர். மண்ணெண்ணெய் விலையும் குறையவே செய்தது. ஆனால் ரயில் கம்பெனிகளிடம் அவர் ரகசியத் தள்ளுபடி பெற்றார். அதே ஊருக்கு அதே சரக்கை அனுப்ப அவருக்கு ஒரு கட்டணம், மற்றவர்களுக்கு வேறு கட்டணம்! தாக்குப்பிடிக்க முடியாத போட்டியாளர்கள் பலர் தொழிலை அவரிடமே விற்றார்கள். 1880 வாக்கில் அந்நாட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அவர் வசமாயிற்று. வேறு கம்பெனி எண்ணெய் விற்ற மளிகைக் கடைக்காரர்களுக்கும் நெருக்கடி வந்தது.

ரயில் கட்டணத்தை முறைப்படுத்த 1887-இலும், ஏகபோகத்தைத் தடுக்க 1890-இலும் சட்டங்கள் வந்தன. ஆனால் பல ஆண்டுகள் அவை ஏட்டளவிலேயே நின்றன. 1896 ஜனாதிபதித் தேர்தலில் மெக்கின்லி தரப்புக்கு ஸ்டாண்டர்டு ஆயில் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் உயரதிகாரி ஆர்ச்போல்டு, செனட்டர் போரேக்கருக்குப் பணம் அனுப்பிய கடிதங்கள் 1908-இல் அம்பலமாயின. “அது வக்கீல் கட்டணம்” என்றார் போரேக்கர். ஆனாலும் அவருடைய செனட் பதவி 1909-உடன் முடிந்தது.

நிலைமை எப்படி மாறியது? சிறு எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் மகளான ஐடா டார்பெல், ஆவணங்களைத் திரட்டி 1904-இல் நூலாக வெளியிட்டார். கம்பெனிகள் மத்தியத் தேர்தல்களுக்கு நிதி தருவதை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்டு ஆயில் 34 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது.

நாம் கற்க வேண்டியவை இரண்டு. சரக்குக் கட்டணம், வரிச் சலுகை, உரிமம் எதுவானாலும் விதி எல்லோருக்கும் ஒன்றாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். அடுத்தது நம்மைப் பற்றியது. தேர்தல் நன்கொடை கேட்டு வருபவரிடம், “எனக்கு மட்டும் பார்த்துச் செய்யுங்கள்” என்று நாமும் சொல்லலாமா? அந்த வழியில் போனால் நம்மைவிடப் பெரிய பணப்பைதான் எப்போதும் வெல்லும். கொடுப்பதை ரசீதோடு கொடுப்போம். கேட்பதைச் சங்கத்தின் மூலம் அனைவருக்குமாகக் கேட்போம்.

கடைத் தராசில் நேர்மை காக்கும் நாம், அரசின் தராசும் சாயாமல் இருக்கக் குரல் கொடுக்க வேண்டும்.