கயிறும் கரும்பலகையும்

நுழையும்முன்

ஒரு நிறுவனத்தின் திறனை இயந்திரங்களையும் முதலீட்டையும் கொண்டு அளப்பது எளிது. அங்குப் பணிபுரிவோர்க்குச் சிந்திக்க உரிமையும் நேரமும் உள்ளனவா என்று பார்ப்பது அத்துணை எளிதன்று. ஜப்பான் நாட்டின் ஓர் ஆலையையும் பள்ளிகளையும் அவ்வாறு அணுகுகிறது இப்பாடம்.

நிறுத்தும் உரிமை

சகிச்சி டொயோடா 1924ஆம் ஆண்டு உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதுபட்ட துணியை நெய்துகொண்டே இருப்பதைவிட நிற்பது மேல் என்பது அதன் அடிப்படை. அவர் குடும்பத்தார் பின்னர்த் தொடங்கிய டொயோட்டா மகிழுந்து ஆலையில் இக்கருத்து மனிதரின் கைக்கு வந்தது. வண்டிகள் வரிசையாக நகர்ந்துவரும் தளத்தில் தொழிலாளியின் தலைக்குமேல் ஒரு கயிறு செல்லும். குறை தென்பட்டால் அவர் அதை இழுப்பார். உடனே விளக்கு எரியும். குழுத்தலைவர் விரைந்து வருவார். உரிய நேரத்திற்குள் குறை தீராவிடில் வரிசையே நின்றுவிடும். உற்பத்தி ஒரு நொடியும் தடைப்படக் கூடாது என்றிருந்த தொழில் உலகில், கடைநிலைத் தொழிலாளிக்கு இவ்வுரிமையை அளிக்கத் துணிவு வேண்டும்.

எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்டார். அங்குக் கண்ட முறையைத் தழுவி, 1951இல் டொயோட்டாவிலும் பணியாளர் கருத்துரைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவியைக் கைக்கு எட்டும் தொலைவில் வைப்பது, குனிந்து செய்யும் வேலையை நிமிர்ந்து செய்ய வழிகாண்பது போன்றவற்றைப் பொறியாளர் எளிதில் உணரார். நாள்தோறும் குனிபவரே அறிவார்.

பின்வரிசையில் ஆசிரியர்கள்

தொழிலாளியின் சிந்தனையை மதிக்கும் இவ்வழக்கத்தை ஒத்த ஒன்று அந்நாட்டுப் பள்ளிகளில் அதற்கும் முன்பே வேரூன்றியிருந்தது. அதன் பெயர் 'பாட ஆய்வு'. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் கற்பிப்பார், ஏனையோர் வகுப்பில் நின்று மாணவரைக் கவனிப்பர், பின்னர் அனைவரும் விவாதிப்பர். அவர்கள் ஆராய்பவை மிக நுண்ணியவை. கழித்தலைத் தொடங்க 12 − 3 என்னும் கணக்கைக் கொடுத்தால், குழந்தை முதலில் 2ஐயும் பிறகு 1ஐயும் நீக்கும். 13 − 9 என்று கொடுத்தாலோ, பத்திலிருந்து ஒன்பதை நீக்கி, எஞ்சிய 1ஐ 3உடன் கூட்டத் தோன்றும். எண்களின் தேர்வே குழந்தையின் சிந்தனைப் பாதையை மாற்றிவிடுகிறது. இதனைக் கண்டறிய ஆசிரியருக்கு அறிவு மட்டும் போதாது. மாலைப்பொழுது ஒன்றும் தேவை.

தெரியுமா?

ஜப்பானியப் பள்ளிகளில் கரும்பலகையில் எழுதும் முறைக்குப் 'பான்ஷோ' என்று பெயர். பாடம் முடியும்வரை எழுதியவற்றை இயன்றவரை அழிப்பதில்லை. மாணவர்கள் கூறிய வழிகள் அனைத்தும் இறுதியில் ஒரே பார்வையில் தெரியும்.

மாலைப்பொழுது எங்கே?

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் நடத்திய ஆய்வின்படி, ஜப்பானில் 7 முதல் 9 வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்கள் வாரத்திற்கு 56 மணி நேரம் உழைத்தனர். பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3. வியப்பு என்னவெனில், அவர்கள் வகுப்பில் கற்பித்தது 18 மணி நேரமே; இது சராசரியான 20.3ஐவிடக் குறைவு. விளையாட்டு முதலிய மன்றப் பணிகள் 7.5 மணி நேரத்தையும், அலுவலக வேலை 5.6 மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டன.

இதற்கு ஒரு சட்டமும் காரணம். 1971இல் இயற்றப்பட்ட அச்சட்டம், அரசுப்பள்ளி ஆசிரியர்க்கு மிகைநேர ஊதியத்திற்கு மாற்றாக மாத ஊதியத்தில் 4 விழுக்காட்டைச் சேர்த்து வழங்கியது. எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்தாலும் தொகை அதுவே. செலவு கூடாத நேரத்தை எவரும் கணக்கிடவில்லை. ஆலையில் இருந்த கயிறு போன்ற ஒன்று ஆசிரியர் அறையில் இல்லை.

கல்வி அமைச்சகம் 2019இல் கூடுதல் பணிக்கு மாதம் 45 மணி நேரம் என வரம்பு வகுத்தது. 2023 முதல் விடுமுறை நாள்களின் மன்றப் பயிற்சிகளைப் படிப்படியாக உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைக்கும் பணி நடந்து வருகிறது.