ஆணியைப் பின்னால் தள்ளும் காற்று

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை காலை நொண்டிக்கொண்டு வந்தான். வலது காலில் துணிக்கட்டு. கேட்டதற்கு, "மரத்துல இருந்த ஆணி ஏறிடுச்சு டீச்சர்" என்றான். அவன் அப்பா ஜி.எஸ்.டி. சாலையோரம் பழைய மரக்கடையில் வேலை செய்கிறார். இடித்த வீடுகளிலிருந்து உத்திரம், கைமரம், ரீப்பர், கதவு நிலை என்று லாரியில் வந்து இறங்கும். ஆணி பிடுங்கி, இழைத்து, மறுபடி விற்பார்கள். விடுமுறை நாட்களில் அவனும் அங்கேதான் இருப்பானாம்.

முதல் வேலையாக அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனோம். "துருப்பிடித்த ஆணி, அதனால் டெட்டனஸ் வரும்" என்று வழக்கமாகச் சொல்வோம். துருவுக்கும் அந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள்தான் காரணம். ஆணி குத்திய காயம் வாய் சிறியதாகவும் ஆழமாகவும் இருக்கும். உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில்தான் அந்தக் கிருமி பெருகும். பளபளக்கும் புது ஆணியும் மண்ணில் கிடந்திருந்தால் அதே ஆபத்துதான். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. தடுப்பூசி போட வேண்டும். நம் பள்ளிகளில் அது போடப்படும் நாளில் யார் வரவில்லை என்ற பட்டியலை எத்தனை பேர் எடுத்து வைக்கிறோம்? நான் வைத்திருக்கவில்லை. இப்போது வைத்திருக்கிறேன்.

அந்த வாரச் சனிக்கிழமை மரக்கடைக்குப் போனேன். படாளம் கூட்டுரோட்டை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தின் சத்தம் தெரியும். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள், வேடந்தாங்கலுக்குத் திரும்பும் வண்டிகள், நின்று கிளம்பும் ஒவ்வொரு பேருந்தின் அடியிலிருந்தும் 'புஸ்' என்று வெளியேறும் பிரேக் காற்று. கடைக்குள்ளும் அதே 'புஸ்'. உடன் ஒரு 'டக்'. ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியைப் பலகையில் வைத்து அழுத்த, மறுபக்கம் ஆணி துள்ளி விழுந்துகொண்டிருந்தது.

"இது என்னங்க அண்ணே?" என்றேன்.

"ஏர் கன்தான் டீச்சர். அந்தக் கன்னு ஆணிய அடிக்கும், இது ஆணிய அனுப்பிடும். கையில பிடுங்கினா ஒரு உத்திரத்துக்கே அரை நாள் போயிடும்."

நெயில் கன் செய்வதற்கு நேர் எதிரான வேலை. பழைய பலகையில் ஆணியின் கூர்முனை பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வளைந்திருந்தால் முதலில் சுத்தியால் தட்டி நேராக்குகிறார்கள். கருவியின் மூக்கு ஒரு குழல். அதைக் கூர்முனையின் மேல் மாட்டி விசையை அழுத்தினால், உள்ளே உள்ள பிஸ்டன் முனையில் ஓங்கி அடிக்கிறது. ஆணி வந்த வழியே திரும்பிப் போய், கொண்டை மறுபக்கம் மேலே வருகிறது. சில சமயம் முழுதாகவே வெளியே பாய்கிறது. கொண்டை துருவில் உதிர்ந்துபோன ஆணிக்கும் இது உதவும், ஏனென்றால் பிடித்து இழுக்க எதுவும் தேவையில்லை. கொண்டையைச் சுற்றி மரத்தைக் குடைந்து கெடுக்கவும் வேண்டாம். முனை உடைந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டால் மட்டும் குறடும் உளியும்தான்.

வகுப்புக்குத் திரும்பியதும் எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்' பாடத்தை இந்தக் கருவியிலிருந்தே தொடங்கினேன். கருவியைப் பள்ளிக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் கூடாது. ஆணி எந்தத் திசையில் பாயும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைவிட, காற்றுக் குழாயே பெரிய ஆபத்து. விளையாட்டுக்காக அழுத்தக் காற்றை ஒருவர் உடலில் செலுத்தி உயிர் போன செய்திகள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. பஞ்சர் கடையில் வேலை பழகும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருப்பார்கள். இதை ஒரு முறையாவது வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

கருவிக்குப் பதில் ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகள், 5 மி.லி., 20 மி.லி.; நடுவே மெல்லிய குழாய். சிறியதைக் கட்டைவிரலால் அழுத்தினால் பெரியதை நண்பன் உள்ளங்கையால் தடுக்கத் திணறுகிறான். அழுத்தம் ஒன்றே, பரப்பு பெரிதானதால் விசை பெரிது. முதலில் தண்ணீர் நிரப்பியும், பிறகு காற்றோடும் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் உடனே தள்ளும், காற்று சுருங்கி, பிறகு ஸ்பிரிங் போல விரியும். அந்தச் சுருங்கலில்தான் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. ஒரு மாணவி கேட்டாள், "அப்போ பஸ் பிரேக்கும் இதேவா?" இதேதான். ரயிலிலும் அப்படித்தான், படாளம் நிலையத்தில் நிற்கும் வண்டியின் பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தது 1869-இல்.

பத்தாம் வகுப்புக்குக் கணக்காகவே கொடுத்தேன். காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோ (பஞ்சர் கடைக் கணக்கில் சுமார் 100 பவுண்டு). பிஸ்டன் விட்டம் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 4.9 சதுர செ.மீ.; விசை ஏறக்குறைய 34 கிலோ எடை, அதாவது 340 நியூட்டன். இதைக் கேட்டதும் வகுப்பில் ஏமாற்றம். ஒரு மூட்டை சிமெண்டே 50 கிலோ. 34 கிலோவுக்கா இறுகிய ஆணி நகரும்? அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். பிஸ்டன் ஆணியைத் தொடுவதற்கு முன் 4 செ.மீ. தூரம் வேகமெடுத்து வருகிறது. செய்யப்பட்ட வேலை 340 × 0.04 = 13.6 ஜூல். அந்த ஆற்றல் முழுதும் ஆணியை 1 செ.மீ. நகர்த்துவதில் செலவானால், சராசரி விசை 1360 நியூட்டன். நான்கு மடங்கு! உராய்வு இழப்பை விட்டுவிட்ட கணக்கு இது. ஆனால் அடிப்பதற்கும் அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடுகிறது.

கூடவே பழைய முறையையும் ஒப்பிட வைத்தேன். ஆணி பிடுங்கும் சுத்தி ஒரு முதல் வகை நெம்புகோல். கைப்பிடியில் 30 செ.மீ. தூரத்தில் 15 கிலோ விசை கொடுத்து இழுத்தால், ஆதாரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளியிருக்கும் ஆணியில் 150 கிலோ. ஏறக்குறைய அதே அளவு. ஆணி சற்று மேலே வந்ததும் சுத்தித் தலை உருண்டு, ஆதாரப் புள்ளி ஆணியை விட்டு விலகிவிடும். இழுப்பது கடினமாகும், ஆணியும் வளையும். ஆசாரிகள் அப்போது சுத்தியின் அடியில் ஒரு மரத்துண்டு வைப்பார்கள். 'திருப்புத்திறன்' என்ற சொல்லை அறியாமலே அந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று வகுப்பில் சொன்னபோது, காலில் கட்டோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் மாணவன், "எங்கப்பா ரீப்பர் துண்டு வெப்பாரு" என்றான்.

பழைய ஆணி ஏன் புது ஆணியைவிட இறுகிப் பிடிக்கிறது? இரும்பு துருவாகும்போது அதிக இடத்தை அடைக்கிறது. ஆணி பருத்து, மரத்தை நெருக்குகிறது. நம் பள்ளிக் கட்டடத் தூண்களில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவதற்கும் இதே காரணம்தான். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுவது வேறு வேதியியல்: மரத்திலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்து கறுக்கின்றன. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து முன்னோர் மை செய்தது இதே வினையால்தான். பழைய ஆணியை வினிகரில் இரண்டு நாள் ஊறவைத்து, அந்த நீரைத் தேநீர் டிகாஷனில் சில சொட்டு விடுங்கள். கண்முன்னே கறுக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வளையக் காந்தத்தை நூலில் கட்டி, பலகை மேல் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். உள்ளே புதைந்த ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சாயும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடலாம். மரக்கடையிலும் இழைப்பு மிஷினுக்குள் பலகையை விடும் முன் இப்படிச் சோதிப்பது நல்லது. ஒரே ஒரு ஆணி பிளேடைப் பல்லாக்கிவிடும். பித்தளைத் திருகு மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும், பழைய கதவுகளில் அது உண்டு. வகுப்பில் பயன்படுத்தும் பலகையில் கூர்முனை எதுவும் வெளியே இல்லை என்று முதலில் நீங்கள் கைபார்த்துவிட வேண்டும்.

மாமல்லபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் கட்டுமரத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு ஆணியும் இல்லாமல் கயிற்றாலேயே கட்டியது. பிரித்துக் காயவைக்கலாம், மறுபடி கட்டலாம். ஆணி பிடுங்கும் தொல்லையே இல்லாத மரவேலை!

இனி அந்தச் சிறுவன். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை செய்கிறது. ஆபத்தான வேலைகளில் 18 வயது வரை தடை. இதை அவன் அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "வேலை செய்ய வெக்கலைங்க டீச்சர். வீட்டுல யாரும் இல்ல, வேற எங்க விடறது?" என்றார். என்னிடம் முழுப் பதில் இல்லை. சனிக்கிழமைகளில் பள்ளி நூலகத்தைத் திறந்துவைக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. கடையில் ஆணிகள் விழும் பக்கம் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் யாரும் நிற்பதில்லை. அவனுக்கு மட்டும் மூடிய ஷூ போட்டிருக்கிறார்கள்.

காலாண்டு விடுமுறைக்கு முன் பத்தாம் வகுப்பில் அவன் அக்கா ஒரு கேள்வி கேட்டாள். கரண்ட் போனால், டேங்கில் மிச்சமிருக்கும் காற்றைக் கொண்டு எத்தனை ஆணி தள்ளலாம்? பாயில் விதியை எடுத்தோம். 50 லிட்டர் டேங்கில் அழுத்தம் 8 கிலோவிலிருந்து 6 கிலோவாக இறங்கும்வரை என்று வைத்தால், வெளிக்காற்றின் அளவில் சுமார் 100 லிட்டர். ஒரு அடிக்கு ஏறக்குறைய 0.16 லிட்டர். கணக்கில் வந்தது 625 ஆணி. அவள் அதை அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். "இருநூத்தம்பது தாண்டினாலே அதிகம்" என்று சிரித்தாராம். மீதிக் காற்று எங்கே போனது என்று அடுத்த வகுப்பில் பேசினோம்: பிஸ்டன் திரும்பி வரவும் காற்று வேண்டும், இணைப்புகளில் கசிவு உண்டு. நாங்கள் மறந்த மூன்றாவது ஒன்றை அவளே சொன்னாள்: ஒரே அடியில் போகாத ஆணிகள்.