சித்திரை, வைகாசியில் காடு பார்க்கப் போவோர்க்கு

கத்திரி வெயில் நெருங்கும் இந்நாட்களில், ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்து மலையடிவாரத்தில் வாழ்வோரும், குற்றாலத்துச் சாரலுக்காகக் காத்திராமல் இப்போதே மேற்கு மலையின் பக்கம் பிரயாணம் செய்ய உத்தேசித்திருப்போரும், தம்முடன் ஒரு சிறு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் கட்டாயம் எடுத்துச் செல்லவேண்டும். மழைக்காலத்தில் காடெங்கும் பரவித் திரியும் பிராணிகள், ஓடைகள் வற்றி இலைகள் உதிர்ந்த இப்பருவத்தில் எஞ்சிய நீரை நாடி ஓரிரு இடங்களுக்கே வருவதாலும், மறைக்கும் தழை குறைந்திருப்பதாலும், அவற்றைக் கண்டு கணக்கெடுப்பதற்கு வருஷத்தில் இதைவிடச் சுலபமான காலம் கிடையாது.

இவ்விரு மாதங்களில் எழுதுவதற்கு இன்னொரு விசேஷ காரணமும் உண்டு. பனிக்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வந்த மாங்குயிலும், ஆறுமணிக்குருவியும், கூட்டங்கூட்டமாய்ப் பறக்கும் சூறைக்குருவியும் இப்போதுதான் விடைபெறுகின்றன. ஒரு பட்சி முதன்முதல் வந்த நாளைக் கவனிப்பது எளிது. புதிய குரல் கேட்டால் தலை தானே நிமிர்ந்துவிடும். ஆனால் அதைக் கடைசியாகக் கண்ட நாள், கடைசி நாள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரிவதில்லை; பார்த்த ஒவ்வொரு தடவையும் தேதியிட்டு எழுதி வைத்தவர்கள் மட்டுமே, இரண்டு வாரம் கழித்துப் பக்கங்களைப் புரட்டி, அது சித்திரை இத்தனையாம் தேதியோடு போய்விட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

போகுமிடமும் அனுமதியும்

ராயகிரிக்கு மேற்கே தெரியும் மலைக்காடுகள் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. வடக்கே, சாம்பல்நிற மலை அணிலின் பொருட்டு 1988-ல் ஏற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம், 2021-ல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இவ்வெல்லைகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது சட்டவிரோதம். கோடையிலோ அது பிராணாபத்தும் ஆகும். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சு 11-ஆம் தேதி மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்த துயரத்தை நாம் மறப்பதற்கில்லை. ஆகவே, முதலில் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, திறந்துள்ள பாதை எது, எந்நேரம் வரை தங்கலாம் என்பவற்றை அறிந்துகொண்டு புறப்படுக. அனுமதி கிடைக்காவிடில் ஏமாற்றம் வேண்டாம். மலையடிவாரத்துக் கண்மாய்க் கரையும், எலுமிச்சை, மாந்தோப்பு வேலியோரமும், ஊர்ப்பொது ஆலமரத்தடியும் குறிப்பெழுதப் போதுமானவை. திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவரும், நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரருமான மா. கிருஷ்ணன், கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை எழுதிவந்த கட்டுரைகளில், யானையையும் காட்டெருதையும் பற்றிச் சொன்ன அதே சிரத்தையுடன் காக்கையையும் அணிலையும் பற்றிச் சொன்னார் என்பதை நினைவில் வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

நீர் நின்ற பள்ளத்தின் ஈரமண்ணில் காலடித் தடங்களைப் பாருங்கள். பென்சிலை அருகில் வைத்துப் படமெடுத்தால் தடத்தின் அளவு பின்னர் விளங்கும். பழுத்த ஆல், அத்தி மரங்களின் கீழ் அரைமணி நேரம் அசையாமல் இருந்தால், பச்சைப்புறா முதல் குக்குறுவான் வரை பழந்தின்னிகள் பலவும் ஒரே பந்திக்கு வருவதைக் காணலாம். குயிலின் கூவல் ஓங்கும் காலம் இது. காக்கைக் கூட்டில் குயிற்குஞ்சுக்குத் தாய்க்காக்கை இரையூட்டும் காட்சி கிடைத்தால் நாளையும் மரத்தையும் குறித்துக்கொள்க. கொன்றை பூத்த நாள், புங்கு தளிர்த்த நாள், வேம்பு பழுக்கத் தொடங்கிய நாள் ஆகியவையும் குறிப்பில் இடம்பெறுதல் நலம். பூச்சியும் பட்சியும் அவற்றையே பின்தொடர்கின்றன.

வைகாசிப் பிற்பகுதியில் மேல்காற்று எழுந்ததும், கரும்பழுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் மலையை விட்டுக் கிழக்கே சமவெளியை நோக்கிப் பெருந்திரளாய்ப் பறப்பதுண்டு. அப்போது இரண்டு மரங்களுக்கிடையே மனத்தால் ஒரு கோடு வரைந்து, ஐந்து நிமிஷத்தில் அதைக் கடப்பவை எத்தனை, எத்திசையில் என்று எண்ணி எழுதுக.

எழுதும் முறை

தேதி, நேரம், இடம், வானிலை, எவ்வளவு நேரம் நின்றீர்கள் அல்லது எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பவை முதலில் வரவேண்டும். பிறகு பிராணியின் பெயரும், எண்ணிக்கையும், அது செய்துகொண்டிருந்த காரியமும். கண்டதையும் கேட்டதையும் பிறர் சொன்னதையும் தனித்தனியே பிரித்தெழுதுக. பெயர் நிச்சயமில்லையேல் பெயரை விட்டு உருவத்தை வருணிப்பதே யோக்கியமான வழி. தேடிச் சென்றும் காணாததை 'இல்லை' என்று எழுதத் தயங்காதீர்கள். வலசை போன நாளைத் தீர்மானிப்பது அச்சொல்லே.

இருவராகச் சென்றால் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் நின்று எண்ணுவது உத்தமம். தமிழ்நாட்டு வனத்துறை வரையாடுகளை எண்ணும்போதும் பல குழுக்களை ஒரே நாட்களில் மலைகளுக்கு அனுப்புகிறது. ஒரு மந்தை இரு தடவை கணக்கில் ஏறாதிருக்கவே இந்த ஏற்பாடு. அவ்வாறு 2024-ல் எண்ணப்பட்டவை 1,031; 2025 ஏப்ரலில் 1,303.

ஜாக்கிரதை

காலை ஆறு முதல் ஒன்பது மணி வரையே உகந்த வேளை. மாலையில் சென்றால் பொழுது சாயுமுன் தோப்புகளை விட்டு வெளியேறிவிடுக. நீரும் தென்னங்குருத்தும் நாடி யானைகள் இறங்கும் நேரம் அது. குடிநீரைக் கையோடு கொண்டு செல்க. நீர்ப்பள்ளத்தின் அருகே சில நிமிஷங்களுக்கு மேல் நிற்காமல் விலகி மறைவில் அமர்க. தாகத்தோடு வந்த பிராணி நம்மைக் கண்டு திரும்பிப்போனால், அடுத்த நீர் எத்தனை தொலைவில் இருக்கிறதோ! பட்சியின் குரலைக் கைபேசியில் ஒலிக்கச் செய்து அதை வரவழைப்பதும், கூட்டை நெருங்கிப் படமெடுப்பதும், கூடிருக்கும் இடத்தை ஊரறியப் பரப்புவதும் கூடா. தீப்பெட்டியும் சிகரெட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

திரும்பிய பின்

அன்றிரவே குறிப்பைத் தெளிவாகப் படியெடுத்து, பறவைகளின் பட்டியலை இ-பேர்ட் தளத்திலும், மற்றவற்றின் படங்களை ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்திலும் சேர்க்கலாம். யானையோ, காட்டுத்தீயோ, கண்ணியோ கண்டிருந்தால் வனக்காவலருக்கு உடனே தகவல் தருக. ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் செர்ரி பூத்த நாட்களை அரசவையினரும் துறவிகளும் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைத்தது விழாவின் பொருட்டே. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்குறிப்புகளைக் கொண்டே, வசந்தம் அங்கே முன்கூட்டி வரத்தொடங்கியதை இன்றைய விஞ்ஞானிகள் அறிந்தார்கள். நம் மலையடிவாரத்துக் கோடைக்கும் அத்தகைய சாட்சி வேண்டுமாயின், ஒரே கண்மாய்க் கரையைத் தேர்ந்துகொண்டு, ஆனி பிறந்து சாரல் விழும்வரை வாரம் ஒரு காலையாவது அங்கே நின்று எழுதுக. அடுத்த சித்திரையிலும் அதே கரைக்கு, அதே புத்தகத்துடன் செல்க.