சலூனைத் திறந்தாயிற்று, வாடகை பாக்கி, அபராதம், வழக்கு பயத்துக்கு என்ன வழி?

கேள்வி (2020 செப்டம்பர்): விழுப்புரம் நகராட்சிக்குள் வாடகை இடத்தில் சலூன் நடத்துகிறேன். மூன்று நாற்காலி, வேலைக்கு இரண்டு பேர். கொரோனா ஊரடங்குக்காக மார்ச் 24 மாலை இறக்கிய ஷட்டரை மே கடைசியில்தான் ஏற்றினேன். இப்போதும் பாதி வியாபாரம்கூட இல்லை. வாடகை ஐந்து மாதம் பாக்கி. கட்டட உரிமையாளர் போன வாரம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். கரண்டைப் பிடுங்குவேன் என்றும் வாய்ப்பேச்சில் மிரட்டுகிறார். இதற்கு நடுவே ஒருவர் வந்து, வாடிக்கையாளர் மாஸ்க் போடவில்லை என்று ஃபைன் வாங்கிப் போனார், ரசீது தரவில்லை. நேரம் தாண்டினால் உள்ளே தூக்கி வைப்போம் என்று போலீஸ்காரர் ஒருவர் சொன்னார். வேலை செய்பவருக்கோ வாடிக்கையாளருக்கோ கொரோனா வந்தால் என்மேல் வழக்கு வருமா? மூடியிருந்த நாள்களுக்குச் சம்பளம் கேட்கிறார்கள், அதைத் தர வேண்டுமா? நாற்காலிக் கடனுக்குத் தவணையும் நிற்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம்

பதில்: வாடகையில் தொடங்குகிறேன். கெடு ஓடிக்கொண்டிருப்பது அதில்தான்.

கடை மூடியிருந்த மாதங்களுக்கு வாடகையே கிடையாது என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் மார்ச் 29 உத்தரவை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். வாடகைக்குத் தங்கியிருந்த தொழிலாளர்களிடம், வெளிமாநிலத்தவர் உட்பட, ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்பதுதான் அந்த உத்தரவு. கடை வாடகை அதற்குள் வராது. ‘நடத்த முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது’ என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவும் கைகொடுக்காது. நடப்பில் இருக்கும் குத்தகைக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தீயாலோ வெள்ளத்தாலோ இடமே நிரந்தரமாகப் பயனற்றுப் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையை வாடகைதாரருக்குத் தருகிறது. இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாடகையை நிறுத்தும் உரிமையைத் தரவில்லை. தில்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில், 2020 மே 21 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் இதையே சொன்னது. வாடகையை நிறுத்திவைக்க மறுத்தது. ஆனால் ஊரடங்கை மனதில் வைத்து, கட்டுவதற்குக் கூடுதல் அவகாசம் தந்தது. உங்கள் நிலையும் இதுதான்: தள்ளுபடியை உரிமையாகக் கேட்க முடியாது, அவகாசத்தை நியாயமாகக் கேட்கலாம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி வெளியேற்றக் கோருவதற்குப் போதுமான காரணம். நோட்டீஸ் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு பாக்கியைக் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக உங்களை வெளியேற்ற முடியாது. அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தவணையாக வாங்கிக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். முடிந்த தொகையை இன்றே வங்கி வழியாக அனுப்புங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாததையே வெளியேற்றக் காரணமாகக் காட்ட அந்தச் சட்டம் இடம் தருகிறது. மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தும் உரிமை மட்டும் உரிமையாளருக்குக் கிடையாது, பாக்கி எத்தனை மாதம் இருந்தாலும். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்.

அபராதத்துக்கு வருவோம். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் தமிழக அரசு 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, எந்த மீறலுக்கு எவ்வளவு என்று வரையறுத்துவிட்டது. மாஸ்க் போடாதவருக்கு அப்போது 200 ரூபாய். பொது இடத்தில் துப்பினாலோ இடைவெளி விடாவிட்டாலோ 500 ரூபாய். நடைமுறை விதிகளை மீறும் சலூன், உடற்பயிற்சிக்கூடம், வணிக நிறுவனத்துக்கு 5,000 ரூபாய். மூன்று நாற்காலிக் கடைக்கும் மூன்று மாடி ஜவுளிக்கடைக்கும் ஒரே 5,000 என்பது நியாயமில்லை என்பது என் கருத்து. இருந்தாலும் அன்றைக்குச் சட்டம் அதுதான்.

இது வழக்குக்குப் போகாமல் அங்கேயே தீர்த்துக்கொள்ளும் இணக்கத் தொகை. தவறே செய்யவில்லை என்று நினைத்தால் கட்ட மறுத்து, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டினால் ரசீது வாங்கியே தீர வேண்டும். வந்தவர் பெயர், பதவி, அடையாள அட்டை, எந்த விதிமீறல் என்பதை மரியாதையாகக் கேட்டு, அவர் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் வாங்கப்பட்ட பணம் அரசுக் கணக்குக்குப் போனதா என்று யாருக்கும் தெரியாது. நடந்ததைத் தேதியோடு எழுதி நகராட்சி ஆணையருக்கும் சுகாதாரத் துறைத் துணை இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யார் மேலும் குற்றம் சாட்டாமல், ‘இந்த வசூலுக்கு ரசீது வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் போதும். கடைக்கு சீல் வைக்க வந்தாலும் எழுத்து உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

காவல்துறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய பென்னிக்ஸையும் அவர் தந்தை ஜெயராஜையும், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் ஜூன் 19 அன்று காவல் நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். வழக்கு 2020இல் சி.பி.ஐ. கைக்குப் போனது. ஷட்டரை இறக்கத் தாமதமானதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை எவ்வளவு சிறியது என்பதை ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது, 2020இல் நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் குற்றம். மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து உண்டாக்கும் மீறலுக்குக்கூட அன்று உச்சபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் போலீஸ் நேரடியாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018இல் ஜீவானந்தம் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51ஆம் பிரிவிலும் சாதாரண மீறலுக்கு ஓராண்டுக்கு மேல் தண்டனை கிடையாது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஏ பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை என்று 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வாக்குவாதம் வேண்டாம். கடையை மூடுங்கள், நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். கைதே செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவர் அதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டவர்.

கடைக்கு வந்தவருக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் உங்கள்மேல் வழக்கு நிற்காது. தொற்றைப் பரப்பக்கூடும் என்று தெரிந்தும் கவனக்குறைவாக நடந்தால்தான் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269ஆம் பிரிவு வரும். காய்ச்சலோடு வந்த ஊழியரை ‘இன்றைக்கு முகூர்த்தநாள் கூட்டம், சமாளித்துக்கொள்’ என்று நாற்காலி பக்கத்தில் நிறுத்தினால் அதுதான் கவனக்குறைவு. காய்ச்சல், இருமல் உள்ள ஊழியரை வீட்டுக்கு அனுப்புங்கள். குளிர்சாதனத்தை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆளுக்கொரு துண்டு அல்லது காகிதம். கத்தரியும் சீப்பும் ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமிநாசினியில். காத்திருப்போர் கடைக்கு வெளியே ஆறடி இடைவெளியில் நிற்கட்டும். ஆள்மேல் கிருமிநாசினி தெளிப்பது மட்டும் கூடவே கூடாது. அது கேடு என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலிலேயே எச்சரித்திருக்கிறது. இவற்றைத் தினமும் செய்ததற்கு ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி.

வாடிக்கையாளர் பதிவேட்டில் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் குறிக்கச் சொல்லி 2020 ஜூன் மாதம் உத்தரவு வந்தது. முடிவெட்ட ஆதார் கேட்பது அளவு மீறியது என்றே நினைக்கிறேன். உத்தரவுப்படி எழுதுங்கள், நகல் எடுத்து வைக்காதீர்கள், பதிவேட்டை அடுத்தவர் கண்ணில் படும்படி மேசைமேல் விரித்தும் போடாதீர்கள்.

சம்பள விஷயத்தில், முழுச் சம்பளம் தரச் சொன்ன மார்ச் 29 உத்தரவு மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த இடைப்பட்ட நாள்களுக்கு முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊழியர் இருவரும் உங்களைவிட நெருக்கடியில் இருந்திருப்பார்கள். ஒரு தொகையைப் பேசி முடிவு செய்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். கடனைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் 31 வரை வாராக்கடன் ஆகாத கணக்கை மறு உத்தரவு வரை அப்படி அறிவிக்கக் கூடாது என்று 2020 செப்டம்பர் 3 அன்று இடைக்காலத் தடை வந்தது. வட்டி நிற்கவில்லை என்பதால், வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள்.

நோட்டீஸ் உங்கள் கைக்குக் கிடைத்த தேதியை அதன் உறைமேலேயே எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழிந்துவிட்டது. மீதமிருப்பது மூன்று வாரம்தான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே வழக்கறிஞர் தருவார்கள். பதில் நோட்டீஸ் இந்த வாரமே போக வேண்டும்.