உத்திரமேரூர்ச் சுவர்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர், வைகுந்தப் பெருமாள் கோயிலின் கருங்கல் அடித்தளத்தின் முன் சற்று நேரம் நிற்றல் வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகள் அங்குள்ளன.

ஊரின் 30 குடும்புகளுக்கும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வோலையை நடுவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஒளித்து மாற்ற வழியேது! வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். இன்றைய தேர்தல் சட்டம்கூட உறவினர்வரை செல்வதில்லை.

அதே சுவரில் வேறொன்றையும் படிக்கலாம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குட்பட்ட வயது, வேதப் பயிற்சி ஆகியன வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. அந்நிலத்தை உழுதவர் பெயரோ மகளிர் பெயரோ குடத்துள் புகவில்லை. அச்சுவர்முன் நிற்கும் வகுப்பில் எத்தனை பேருடைய முன்னோர்க்கு ஓலை எழுதப்பட்டிருக்கும் என்று மாணவர் தமக்குள் எண்ணிப் பார்க்கலாம்.