லட்சம் கோடியில் ஒரு பங்கு: கழிவுநீரில் ஹார்மோன் போலிகளை அளத்தல்

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள சதுப்புநிலம், 2002ஆம் ஆண்டு முதல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மாநகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே இங்குள்ள 'பேரி' எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களை அடைகிறது. வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் அதனைத் தூய்மைப்படுத்த, ரோகு, கட்லா முதலிய மீன்கள் வளர்கின்றன. எஞ்சிய நீர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. இதன் பெருமையை உலகறியச் செய்தவர் சூழலியலாளர் துருபஜோதி கோஷ். இத்துணைச் சிக்கனமான சுத்திகரிப்பு நிலையத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் நாம் கண்டதில்லை.

ஆயினும் கரிமக் கழிவின் அளவையும் கோலிஃபார்ம் கிருமிகளையும் மட்டும் குறிக்கும் வழக்கமான சோதனை, ஒருவகை மாசினைக் காட்டுவதில்லை. மனிதரும் கால்நடைகளும் கழிக்கும் எஸ்ட்ராடையால், கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால், பிளாஸ்டிக் சார்ந்த பிஸ்பீனால்-ஏ ஆகியவை அவ்வகையின. 2001 முதல் மூன்றாண்டுகள், கனடாவின் ஆய்வு ஏரி ஒன்றில் லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையாலைக் கலந்தனர். அங்கிருந்த சிறுமீன் இனம் ஒன்று ஏறக்குறைய அற்றுப்போயிற்று. லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லட்சம் கோடி ரூபாயில் ஒரு ரூபாய்! ஒரு ரூபாய் வேறுபாட்டிற்காக இரவு வரை கணக்கைச் சரிபார்க்கும் நமக்கு இவ்வளவையின் நுட்பம் எளிதில் விளங்கும்.

மாதிரி எடுப்பதிலேயே பிழை நேரக்கூடும். பிளாஸ்டிக் கலத்திலிருந்தே பிஸ்பீனால் கசியலாம் என்பதால் கண்ணாடிப் புட்டிகளே தக்கவை. நீரை வடிகட்டி, ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் பொருள் நிரப்பிய சிறு குழாயில் செலுத்தி, படிந்ததை மெத்தனாலால் கரைத்தெடுத்துச் செறிவாக்குவர். அதன்பின் வழிகள் இரண்டு. நிறை நிறமாலைமானி ஒவ்வொரு வேதிப்பொருளையும் தனித்தனியே இனங்கண்டு அளக்கும். இது பேரேட்டின் பதிவுகளை வரிவரியாகப் பார்ப்பது போன்றது. மற்றொன்றில், மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பொருத்தப்பட்ட ஈஸ்ட் நுண்ணுயிர் நிறம் மாறும் அளவைக் கொண்டு மொத்த விளைவு கணிக்கப்படும். இது இறுதி இருப்பைப் பார்ப்பது. தனிப் பதிவுகளின் கூட்டுத்தொகையை விட இருப்பு மிகுந்திருந்தால், பெயரறியாத ஏதோ ஒரு பொருளும் நீரில் உள்ளது எனக் கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வதே நம்பத்தக்கது என்பது நம் கருத்து.

குளத்தில் நுழையும் நீர், வெளியேறும் நீர் இரண்டையும் சோதிக்க வேண்டும். உடல் செயலிழக்கச் செய்து கழிக்கும் ஹார்மோன்களைக் கழிவுநீர்ப் பாக்டீரியாக்கள் மீண்டும் செயலுள்ளவையாக்குவதுண்டு. அதனால் தொடக்கத்தில் குறைவாகத் தோன்றும் அளவு வழியில் கூடவும் கூடும். வெயிலும் நுண்ணுயிர்களும் பின்னர் எவ்வளவைச் சிதைத்தன என்பது இவ்விரு அளவுகளையும் ஒப்பிட்டாலன்றித் தெரியாது.

மீன்வளர்ப்புக் கடன் பெறும் நம் வாடிக்கையாளர்கள் நீரோடு சேற்றையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். இம்மாசுகளுள் நீரில் எளிதிற் கரையாதவை அடிச்சேற்றில் படிந்துவிடும். மிருகால் மீன் இரை தேடுவதோ அச்சேற்றில்தான். குளத்தை வற்றவைத்துத் தூர்வாரும் காலமே மாதிரி எடுப்பதற்கு ஏற்றது.