கெகார்ட்: பாதி கட்டியது, பாதி குடைந்தது

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால், ஆசாத் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் சாலை முடிந்துவிடும். முடிகிற இடத்தில் இருப்பதுதான் கெகார்ட் மடாலயம். பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் வழியில் உள்ள கர்னி கோயிலில் நிறைய நேரம் நின்றுவிட்டு, கெகார்டுக்கு அரைமணி நேரம்தான் கொடுக்கும். அந்த அரைமணி போதாது. சொந்தமாகப் போகிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: காலையில் முதலில் கெகார்ட், திரும்பும் வழியில் கர்னி. குழுக்கள் வந்து சேர்வதற்குள் குகைக் கூடங்களை அமைதியாகப் பார்த்துவிடலாம்.

யெரெவானிலிருந்து மார்ஷ்ருட்கா எனப்படும் வேன்கள் கர்னி வரை ஓடுகின்றன. அங்கிருந்து மிச்சமுள்ள பத்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு டாக்சிதான். திரும்பிவர அங்கே வண்டி கிடைப்பது கடினம். போகும்போதே காத்திருக்கும் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மடாலயத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது.

இங்கே எல்லாவற்றுக்கும் முந்தியது ஒரு ஊற்று. பாறைக் குகைக்குள் சுரக்கும் அந்த நீரைக் கிறிஸ்தவம் வருமுன்பே மக்கள் புனிதமாகக் கருதினார்கள். 4-ஆம் நூற்றாண்டில் ஆர்மீனியாவைக் கிறிஸ்தவ நாடாக்கிய புனித கிரிகோரி இங்கே மடம் அமைத்தார் என்பது மரபு. அந்தப் பழைய மடத்தில் இன்று எதுவும் மிஞ்சவில்லை. 923-இல் அரபுப் படையெடுப்பில் சூறையாடப்பட்டது. இயேசுவின் விலாவைக் குத்தியதாக நம்பப்படும் ஈட்டி பின்னர் இங்கே வைக்கப்பட்டிருந்ததால், ஈட்டியின் பெயரே மடத்துக்கு நிலைத்தது. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டு வேலை.

முதலில் தலைமைத் தேவாலயத்தை வெளியிலிருந்து பாருங்கள். ஸகாரியன் பிரபுக்களின் ஆதரவில் 1215-இல் கட்டியது. தெற்கு வாசலுக்குப் போய், கதவுக்கு மேலே உள்ள வளைவை நிமிர்ந்து பாருங்கள். மாதுளங்கனிகள் தொங்கும் மரங்கள், அவற்றோடு பின்னிக் கிடக்கும் திராட்சைக் கொடி, இரு பக்கமும் புறாக்கள். அதற்கும் மேலே ஒரு சிங்கம் காளையைப் பாய்ந்து பிடிக்கிறது. பலர் இந்தப் பக்கம் வராமலே உள்ளே போய்விடுகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் வருவது கவித் என்னும் முன்மண்டபம். நான்கு பெரிய தூண்கள், நடுவில் தேனடை போல அடுக்கடுக்காக இறங்கும் கல் விதானம், அதன் உச்சியில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. இந்த மண்டபம் வரைதான் கட்டடம். வடசுவரில் உள்ள வாசல்களைத் தாண்டினால் மலைக்குள் இருக்கிறீர்கள்.

ஸகாரியன்களுக்குக் கீழ்ப்பட்ட ப்ரோஷ் என்ற பிரபு மடத்தை விலைக்கு வாங்கினார். அவர் குடும்பத்தின் காலத்தில் குடைந்த கூடங்கள்தான் கெகார்டின் புகழ். 1240-களில் குடைந்த முதல் குகைத் தேவாலயத்தில் கல்ட்சாக் என்ற கலைஞரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய ஊற்று இதற்குள்தான். நீர் தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடுகிறது. தரை ஈரமாகவே இருக்கும், பிடிமானமுள்ள செருப்பு அவசியம்.

அடுத்தது ப்ரோஷ் குடும்பத்தின் கல்லறை மண்டபம். நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது. போன் விளக்கைப் போடாமல் கொஞ்சம் நில்லுங்கள், கண் பழகட்டும். சுவரில் ஒரு காளைத் தலை, அதன் வாயில் வளையம், வளையத்திலிருந்து போகும் சங்கிலியில் கழுத்து கட்டுண்ட இரண்டு சிங்கங்கள், அவற்றுக்கு நடுவே ஆட்டுக்குட்டியைக் கால்களில் பற்றிய கழுகு. தேவாலயச் சுவரில் இத்தனை முரட்டுத்தனமான சிற்பமா என்று தோன்றும். அது அந்தக் குடும்பத்தின் சின்னம். இதை ஒட்டிய இரண்டாவது குகைத் தேவாலயம் 1283-இல் முடிந்தது.

வெளியே வந்து படியேறினால், சிலுவைகள் செதுக்கிய ஒரு குறுகிய பாதை மேல்மண்டபத்துக்குக் கொண்டுபோகும். 1288-ஐச் சேர்ந்தது, இளவரசர் பபாக்கும் மனைவி ருசுக்கானும் அடக்கமான இடம். நான்கு தூண்களும் தனியாக நிறுத்தியவை அல்ல, பாறையிலேயே விட்டுவைத்தவை. மூலையில் தரையில் ஒரு துளை உண்டு, கீழே உள்ள மண்டபம் தெரியும். ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். மெல்லப் பாடினாலும் குரல் தூண்களைச் சுற்றி வந்து நெடுநேரம் நிற்கும். சில நாட்களில் பாடகர் குழுக்கள் இங்கே பாடுவதுண்டு, அமைந்தால் விடாதீர்கள்.

இது வழிபாடு நடக்கும் கோயில் என்பதை மறக்க வேண்டாம். காலணி கழற்றும் வழக்கம் இல்லை. தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். உள்ளூர்க்காரர்கள் பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறுவார்கள். வழி விட்டு நில்லுங்கள்.

வாசலில் பெண்கள் காட்டா என்னும் வட்டமான இனிப்பு ரொட்டியும், உலர்பழங்களும் விற்கிறார்கள். காட்டா ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் பனி பெய்யும், படிகள் வழுக்கும்.

ஈட்டியை இங்கே தேடாதீர்கள். அது யெரெவானுக்கு மேற்கே எச்மியாட்சின் தலைமைப் பேராலயத்தின் கருவூலத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.